சுவரில் எழுதலாம், எங்களிடம் சொல்லக் கூடாதா?

அவைக்குத் தலைமை ஏற்று நாற்காலி நிறைய அமர்ந்திருக்கும் கண்ணாடித் தொழிற்சாலை மேலாளர் அவர்களே! விண்ணைப் பார்த்து வியப்பதற்கென்றே இந்த மன்றத்தை வளர்த்த மூத்தோர்களே! வேலை முடிந்த கையோடு வியர்வை காயாமல் வந்திருக்கும் நண்பர்களே! பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி அணிந்து, என் குரல் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பியிருக்கும் என் வீட்டுக்காரரே! அனைவருக்கும் ஒரு தையல்காரியின் வணக்கம்.

புதுத் தொலைநோக்கியைத் திறந்து வைத்து நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். மேடை ஏறும்போது செயலாளர் என் காதோடு சொன்னார்: "அக்கா, அந்தக் கரைசலைப் பத்தி மட்டும் பேசிடாதீங்க. மன்றத்து விதி." பேசாமல் எதற்கு நன்றி சொல்வது?

அதோ, துணி போர்த்தி நிற்கிறதே தொலைநோக்கி, அதன் கண்ணாடியை உருவாக்கியவர் யார்? என் வீட்டுக்காரர், முடிதிருத்தும் தொழிலாளி. பிறர் முகம் காட்டும் கண்ணாடி முன் நின்று பிழைத்தவர், நிலா முகம் காட்டும் கண்ணாடிக்கு ஆசைப்பட்டார். தேய்த்தார், தேய்த்தார், என் சமையலறை மேசை தேயும்வரை தேய்த்தார். சிரியுங்கள், சிரியுங்கள். நானும் அன்று சிரித்தவள்தான்.

தேய்த்த கண்ணாடிக்கு வெள்ளி பூச வேண்டும். பூசும் முறை பழைய புத்தகங்களில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. பார்த்தார், பழுதின்றிப் பூசினார். கொஞ்சம் கரைசல் மீந்தது. வெள்ளி விற்கும் விலையில் யாருக்குக் கொட்ட மனம் வரும்? மீந்ததை எடுத்து வைக்கலாமா என்று மன்றத்தின் கைப்பேசிக் குழுவில் கேட்டார். நம் நெட்டையண்ணன் உடனே பதில் போட்டார்: "வைக்காதேப்பா, வெடிக்கும்." கண்ணுக்கு ஒரு சொல்லாக இரண்டே சொல்!

இவர் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. இருந்தது என்ன? 'ஆபத்தான பொருள் பற்றிய பேச்சு நீக்கப்பட்டது. உங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம்.' கேட்டதே தப்பு போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டார். புட்டியையும் மூடி அலமாரியில் வைத்தார். மறுநாள் எடுத்தார். அதற்குமேல் அந்த அறையில் நடந்ததை என்னால் சொல்ல முடியாது.

நெட்டையண்ணன் போன் செய்திருக்கலாமே என்கிறார் பின்னால் ஒருவர். தான் எழுதியது அழிந்ததே அவருக்குத் தெரியாதய்யா! படித்திருப்பார் என்று நம்பிப் படுத்துவிட்டார்.

தலைவர் அவர்களே, உங்கள் தொழிலாளர்களுக்கு மேலங்கி தைத்துத் தருபவள் நான். இவர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, துணி மூட்டையோடு உங்கள் வெள்ளி பூசும் கூடத்துக்குள் வந்தேன். சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்து: 'மீந்த கரைசலை வைக்காதே. வெடிக்கும்.' மூட்டையை இறக்கவும் தோன்றாமல் நின்றேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் கேட்டார்: "இவ்ளோதானா? இதைச் சொல்லவா கூடாதுன்னாங்க?"

அந்தச் சுவரில் எழுதச் சொன்னதும் நீங்கள். மன்றத் தலைவராக எங்கள் குழுவில் அழிக்கச் சொன்னதும் நீங்கள். கூலிக்குச் செய்தால் எச்சரிக்கை, ஆசைக்குச் செய்தால் குற்றமா? சம்பளக்காரன் கண்தான் கண்ணா? ஆசைக்காரன் கண் என்ன புண்ணா?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு கேட்பவனும் ஒருவன் இருப்பான். அவனுக்கு அஞ்சிச் செய்முறையைப் பூட்டுங்கள், சாவியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையை ஏன் சேர்த்துப் பூட்டினீர்கள்? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினீர்களே! எரிந்தது என் வீடு அல்லவா?

செயலாளர் மணி அடிக்கிறார். அடியுங்கள் தம்பி. அன்று அழித்தீர்கள், இன்று அடிக்கிறீர்கள். ஆனால் அந்த விதி மாறும்வரை இந்தத் துணியை நான் விலக்க மாட்டேன்.

பெரியோர்களே, தாய்மார்களே! இவர் கண்ணில் படாமல் போன சொல், காதிலாவது விழட்டும். என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்: மீந்ததை வைக்காதே! பிள்ளைகளும் சொல்லுங்கள்: வைக்காதே! கடைசி வரிசைக்காரர்களே, உங்கள் குரல் எங்கே? வைக்காதே!

கேட்டதாங்க உங்களுக்கு? என் வீட்டுக்காரர் தலையை ஆட்டுகிறார்.

தலைவர் அவர்களே, இப்போது இதை நீக்குங்கள், பார்க்கலாம். என்னோடு குரல் கொடுத்தவர்களுக்கு மட்டும் என் நன்றி. வணக்கம்.