தோட்டத்து ஆபீஸுக்கு வந்த கடிதம்

டிக்கோயா பஸ்ஸில் முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். மூத்தவள் திடீரென்று வெடித்தாள்.

“விமானப்படையில எம்மகள நேர்முகத்துக்குக் கூப்பிட்டுருக்காங்கடி, போன செவ்வாக்கெழம வரச்சொல்லி!”

“போனாளாக்கா?”

“எங்க போறது? கடிதாசி தோட்டத்து ஆபீஸுல கெடந்து நேத்துத்தான் கைக்கு வந்துச்சு.”

“லயத்துல வரிசையா இருக்குற நம்ம வீட்டுக்கு நம்பர் இருந்தாத்தானே நேரா வரும்?”

“அந்தப் படைய ஆரம்பிச்சப்ப எங்க தாத்தா சேரப் போனாரு. இலங்கைப் பிரஜாவுரிமை இல்லன்னு வெரட்டுனாங்க. இப்ப அது இருக்கு, வீட்டுக்கு நம்பர் இல்ல!”

“கிளாக்கர் ஐயாகிட்ட கேக்கலியா?”

“கேட்டேன். மறந்துட்டாராம். கடிதாசி மேல கோப்பை வச்ச தேத்தண்ணிக் கறை வட்டமா இருக்குடி. அதுவும் நான் பறிச்ச கொழுந்துதான்!”