பாண்டிச்சேரி பஸ்ஸில் ஒரு வானம்

துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர் ஒன்றைச் சென்ற வருஷம் முயன்று பார்த்தேன். கடைசி இரண்டு துண்டுகள் பொருந்தவில்லை. கத்தரிக்கோலால் நறுக்கிச் சொருகிவிட்டேன். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியும் இருக்கிறேன். ஆகையால் செஞ்சியில் பஸ் ஏறியதும், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம், "அண்ணா, வானம் நவுருது, முட்டிய ஆட்டாத" என்றபோது காதைத் தீட்டிக்கொண்டேன்.

இருவர் மடியிலுமாக ஒரு பலகை. அதன்மேல் முந்நூறு மரத் துண்டுகள் சேர்ந்த ஒரு கடல் ஓவியம். அறுத்தவர் அண்ணன், சேர்த்தவள் தங்கை.

"பாண்டிச்சேரி கடைக்காரர் படத்தோட மேல் ஓரத்த மட்டும் புடிச்சுத் தூக்கிப் பார்ப்பாராம். ஒரு துண்டு உதிர்ந்தாலும் வேணாம்னுடுவாராம்" என்றார் அண்ணன்.

"உதிராது. நீ மொதல்ல அறுத்த ரெண்டு படத்தையும் நான்தானே கழிச்சேன்."

"அதுல இன்னா கொறயக் கண்ட?"

"ஒரே துண்டு ரெண்டு எடத்துல ஒக்காந்துச்சு. மாப்பிள்ளைன்னா ஒரு வூட்லதான் ஒக்காரணும்."

"இப்பவே தூக்கிப் பார்த்துடலாமா?"

"ஓடற பஸ்லயா?" என்றவள், சற்று யோசித்து, "தூக்கு. இதுல நின்னா எங்கயும் நிக்கும்" என்றாள்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கடலும் வானமும் காயப்போட்ட புடவைபோல ஆடின. ஒரு துண்டும் விழவில்லை.

"கண்ணத் தொறண்ணா, எல்லாம் இருக்குது" என்று அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள்.

கண்டக்டர் மட்டும் விசாரித்தார். "வாங்கறவங்க இத இன்னா பண்ணுவாங்க?"

"கலைச்சுப் போட்டு, மறுபடி சேர்ப்பாங்க."

"கலைக்கறதுக்கு அவங்க எதுக்கு? திண்டிவனம் வரைக்கும் நம்ம ரோடு இருக்குதே."