இருட்டில் ஸ்டாக் எடுப்பவர்கள்

— ...காலு, காலு! மிதிக்காதீங்க!

— ஐயோ! யாரது?

— கத்தாதீங்களேன்... மெதுவா. முதல்ல நீங்க யாரு? கோடவுன்ல என்ன வேலை?

— மாமாவா?

— மாப்பிள்ளையா?

— ஆமா மாமா. நான் சும்மா... பாத்ரூம்னு நினைச்சு வந்துட்டேன்.

— பாத்ரூம் மாடியில இருக்கு. காலையில நான்தானே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்.

— ஆமால்ல.

— சுவிட்சைத் தேடாதீங்க!

— நான் தேடலையே மாமா.

— செவுத்தைத் தடவுற சத்தம் கேட்டுச்சே.

— உட்கார இடம் பார்த்தேன்.

— பாத்ரூம்லயா? சரி சரி. வலது பக்கம் ஃபேன் பெட்டி இருக்கு, அது மேல உட்காருங்க, தாங்கும். பக்கத்துல இருக்கிறது கண்ணாடித் தொங்கு விளக்கு. அதுல உட்கார்ந்துடாதீங்க, ரெண்டு பேருக்கும் கஷ்டம்.

— நீங்க இங்க என்ன பண்றீங்க மாமா?

— ஸ்டாக் எடுக்கிறேன்.

— இருட்டுலயா?

— பழக்கம்தான். தடவிப் பார்த்தே சொல்லிடுவேன். கடையில யாரை வேணா கேளுங்க.

— கேஷியர் சொன்னார் மாமா. 'முதலாளி லைட்டே போடாம மணிக்கணக்கா உள்ள ஸ்டாக் எடுப்பார், அந்தத் திறமை யாருக்கு வரும்'னு. சொல்றப்பவே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

— நல்ல மனுஷன்.

— அப்ப இது என்ன பெட்டின்னு சொல்லுங்க பார்ப்போம்.

— எது?

— என் கையில இருக்கிறது.

— உங்க கை எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— தட்டுறேன், கேளுங்க.

— தட்டாதீங்க! ஐயோ தட்டாதீங்க மாப்பிள்ளை, மண்டைக்குள்ள...

— மண்டைக்குள்ள?

— ...மண்டைக்குள்ள கணக்கு வெச்சிருக்கேன். கலைஞ்சிடும்.

— மாமா, இங்க தைல வாசனை வருதே.

— அது ஃபேன் மோட்டாருக்கு விடுற ஆயில்.

— புதினா வாசனையிலயா?

— புது கம்பெனி.

— ஓகோ.

— அது என்ன சத்தம்?

— எது மாமா?

— இப்ப 'டப்'னு கேட்டுச்சே. மாத்திரையை அட்டையிலேர்ந்து பிதுக்கின சத்தம்.

— சூயிங்கம் மாமா.

— சூயிங்கத்தை எவனாவது முழுங்குவானா? தொண்டையில மாட்டிக்கிட்டுத் திணறுறது இங்க கேக்குது. இந்தாங்க, தண்ணி. இந்தப் பக்கம்... இந்தப் பக்கம்... ம், பிடிங்க.

— தேங்க்ஸ் மாமா.

— எந்தப் பக்கம்?

— இதோ, வலது கையில வாங்கிட்டேன்.

— பாட்டில் இல்லை மாப்பிள்ளை. வலி. வலி எந்தப் பக்கம்? சொல்லுங்க. இருட்டுதானே, முகத்தைப் பார்த்தா பேசுறோம்?

— வலது. கண்ணுக்குப் பின்னாடி. உள்ளேர்ந்து யாரோ கட்டை விரலை வெச்சு அழுத்துற மாதிரி.

— வாந்தி?

— காலையில ஒரு தடவை. அதுக்குத்தான் நிஜமாவே பாத்ரூம் கேட்டேன்.

— கண்ணு ஓரத்துல கோடு கோடா மின்னுமா? கோணல்மாணலா?

— மாமா... அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

— எனக்கு இன்னிக்கு இடது. போன வாரம் வலது. வாடகைக்குக் குடி இருக்கிறவன் மாதிரி மாத்திக்கிட்டே இருக்கும். வாடகை மட்டும் தர மாட்டேங்குது.

— அப்ப நீங்க ஸ்டாக் எடுக்கலையா?

— படுத்திருக்கேன் மாப்பிள்ளை. இத்தனை வருஷமா படுத்துத்தான் இருக்கேன். கீழ அட்டையை விரிச்சு, நெத்தியில ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு. கேஷியர்கிட்ட சொல்லிடாதீங்க, மனுஷன் உடைஞ்சு போயிடுவார்.

— மாமா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?

— சொல்லுங்க.

— ரொம்ப சந்தோஷமா இருக்கு.

— எனக்கும்தான்! கையைக் கொடுங்க. ஐயோ, குலுக்க வேணாம், குலுக்க வேணாம். சும்மா பிடிச்சுக்கிட்டா போதும்.

— அத்தைக்குத் தெரியுமா?

— மெதுவாப் பேசுங்க! கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை 'தலை லேசா வலிக்குது'ன்னு சொல்லிட்டேன். வாய் தவறி.

— அப்புறம்?

— அப்புறம் என்ன... எதையோ அரைச்சு நெத்தி முழுக்க அப்பினா. எரிச்சல்ல நான் தலைவலியையே மறந்துட்டேன். 'பார்த்தீங்களா, போயிடுச்சு'ன்னா. அது போன கையோட நெத்தித் தோலும் போயிடுச்சு. அடுத்த நாள் ஆவி பிடின்னு போர்வைக்குள்ள போட்டு மூடினா. அதுக்கு அடுத்த நாள் அவங்க அண்ணன் வந்து, 'இது பல்லால வர்றது மச்சான்'னார்.

— பல்லாலயா?

— பிடுங்கிட்டாங்க மாப்பிள்ளை. நல்ல பல்லு. பல்லு போன இடம் இப்பவும் காலியா இருக்கு, வலி இருந்த இடத்துல வலி பத்திரமா இருக்கு. அன்னிக்கு வாயை மூடினவன்தான். 'எல்லாம் சரியாப் போச்சு'ன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு வைத்தியம் பார்த்துக் குணமாக்கினதா அவளுக்கு மனசுக்குள்ள பெருமை.

— எனக்குக் கண்ணாடி மாமா. வேலை பார்க்கிற இடத்துல ஒருத்தர் 'கண்ணாடி போட்டா சரியாகும்'னார். கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு, போய்ப் போட்டுக்கிட்டேன். அப்புறம் முடி வெட்டுறவர் முடியைக் குறைக்கச் சொன்னார். வீட்டுக்குப் பால் போடுறவர் தலையணையை மாத்தச் சொன்னார். மாத்தினேன். கழுத்தும் சேர்ந்து வலிக்க ஆரம்பிச்சிருச்சு.

— உலகத்துல எல்லாருக்கும் தலைவலிக்கு மருந்து தெரியும் மாப்பிள்ளை. தலைவலி இருக்கிறவனைத் தவிர.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போனேன். தெரியாத ஏரியாவுல. நல்ல டாக்டர், பொறுமையா எல்லாம் கேட்டார். 'மின்னுற வெளிச்சம், பளிச்சுன்னு விளக்கு, இதெல்லாம் கிட்டவே சேர்க்காதீங்க, என்ன தொழில் பண்றீங்க?'ன்னார். லைட்டுக் கடைன்னேன்.

— என்ன சொன்னார்?

— பேனாவைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சார். அப்புறம் மாத்திரை கொடுத்தார். அது நல்லாத்தான் கேக்குது, ஆரம்பத்துலயே போட்டுட்டா. குண்டு பல்பு இருந்த பழைய டப்பாவுல ஒளிச்சு வெச்சிருக்கேன். அந்த பல்பை இப்ப எவன் கேட்டு வர்றான்?

— லைட்டுக் கடையை மாத்திட்டு வேற எதாவது...

— எங்கப்பா வெச்ச கடை. அதோட வெளியில சொல்லவும் முடியாது. 'இந்தக் கடைக்காரனுக்கே லைட்டு ஆகாதாம்'னா எவன் வாங்குவான்? சமையல்காரனே சாப்பிடாத ஓட்டல்ல நீங்க சாப்பிடுவீங்களா? அதுவும் இல்லாம... பாப்பா.

— உங்க பொண்ணுக்காகவா?

— சின்னப் பிள்ளையில என்னைப் பெரிய பலசாலின்னு நினைச்சுட்டிருந்தா. 'எங்கப்பாவுக்குக் காய்ச்சல் தலைவலியெல்லாம் வரவே வராது'ன்னு பள்ளிக்கூடத்துல போய்ப் பெருமை பேசிட்டு வருவா. அதைக் கெடுக்க மனசு வரல.

— இப்பவும் அப்படித்தான் மாமா பேசுறா. 'எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தலைவலின்னா என்னன்னே தெரியாது'ன்னு கல்யாணமான முதல் வாரமே சொல்லிட்டா. நான் அப்பத்தான் என்னோடதைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அப்படியே கொட்டாவியா மாத்திட்டேன்.

— ஐயையோ. அப்ப எப்படிச் சமாளிக்கிறீங்க?

— வலி வந்தா 'வாக்கிங் போறேன்'னு கிளம்பிடுவேன். நூலகத்துக்குப் பின்னாடி பழைய பேப்பர் அடுக்குற ரூம் ஒண்ணு இருக்கு. நூலகருன்னா சாவி நம்ம கையிலதானே. இவ்வளவு நடந்தும் ஏன் தொப்பை குறையலன்னு அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

— நூலக வேலை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் இல்ல?

— உசுரு மாமா. அங்க யாராவது சத்தமாப் பேசினா 'உஷ்'னு சொல்றதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. இந்தத் தலைக்கு அதை விட வேற என்ன வேணும்?

— அதை விட்டுட்டு நாளைக்கு இங்க வந்து உட்காரப் போறீங்க.

— ...ஆமா.

— மாடியில புது ஷோரூம் திறக்கிறோம். சுவரு, கூரை, தூணு, எல்லாத்துலயும் லைட்டு. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் எதையும் அணைக்கக் கூடாது, எரிஞ்சாத்தான் ஜனம் உள்ள வரும். நீங்க நடுவுல சேர் போட்டு உட்காரணும்.

— காலையில எலக்ட்ரீசியன் பாதி லைட்டைத்தான் போட்டார் மாமா. அதுக்கே நான் இங்க வந்து விழுந்துட்டேன்.

— ஏன் மாப்பிள்ளை சம்மதிச்சீங்க? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?

— அவ கேட்டா மாமா. ரெண்டு மாசமா விடாம. 'அப்பாவுக்கு வயசாகுது, நீங்க பார்த்துக்கங்க'ன்னு. நான் ஏதாவது சாக்குச் சொன்னா, 'எங்கப்பா இத்தனை லைட்டுக்கு நடுவுல சிங்கம் மாதிரி உட்கார்ந்திருக்கார், உங்களுக்கு என்ன வந்துச்சு'ம்பா.

— சிங்கம்.

— ஆமா.

— சிங்கம் இங்க அட்டையில படுத்திருக்கு.

— சிரிக்க வைக்காதீங்க மாமா, தெறிக்குது.

— எனக்கும்தான். ஷ்ஷ்... மாப்பிள்ளை, கேளுங்க. நீங்க கடைக்கு வர வேணாம்.

— மாமா?

— வேணாம். நான் பட்டது போதும். தெரிஞ்சே உங்களைக் கொண்டு போய் அந்த வெளிச்சத்துல உட்கார வைக்க எனக்கு மனசு கேக்கல. நான் யாரையோ ஏமாத்துறதா நினைச்சுக்கிட்டு வாழ்க்கையில பாதியை இந்த ரூம்ல கழிச்சிருக்கேன். நீங்க உங்க புஸ்தகத்தோட இருங்க.

— அப்ப உங்களுக்கு? உங்களால இனிமே முடியுமா?

— ...முடியல மாப்பிள்ளை. முன்னெல்லாம் மாசத்துக்கு ரெண்டு தடவை வந்தது, இப்ப வாராவாரம் வந்துடுது. அதான் கடையை உங்ககிட்ட தள்ளிடலாம்னு சந்தோஷமா இருந்தேன்.

— அப்ப நாளைக்கு அந்தச் சேர்ல யாரு உட்கார்றது?

— அதான் யோசிக்கிறேன்... பாப்பா உட்காரட்டுமே?

— அவளா?

— ஏன் கூடாது? நான் முதல்ல அவளைத்தான் கேட்டேன். ஒரே பொண்ணு, கணக்குல புலி. 'எனக்கு வியாபாரம் வராதுப்பா'ன்னு ஒரே பிடியா நின்னுட்டா. உங்களை மாட்டிவிட்டதுக்கு அப்புறம்தான் வீட்டுல எனக்குச் சோறே ஒழுங்கா வந்துச்சு.

— அவ தலை நல்ல தலை மாமா. இத்தனை மாசத்துல தலைவலின்னு ஒரு வார்த்தை அவ வாயில வந்ததில்லை.

— இரும்புத் தலை. அவங்க அம்மா மாதிரி. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா கேப்பா.

— நீங்க சொல்லுங்க மாமா, நான் பின்னாடி நிக்கிறேன்.

— நீங்கதானே புருஷன், நீங்க சொல்லுங்க, நான் பின்னாடி... கதவு! யாரோ கதவைத் திறக்கிறாங்க!

— கண்ணு! கண்ணு! மூடுங்க!

— அப்பா? நீங்களா? இவரும் இங்கயா இருக்கார்?

— கதவைச் சாத்தும்மா பாப்பா! சாத்திட்டுப் பேசு!

— சாத்திட்டேன், சாத்திட்டேன். ரெண்டு பேரும் இருட்டுல என்ன பண்றீங்க?

— ஸ்டாக் எடுக்கிறோம்மா. மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துட்டிருந்தேன்.

— ஆமா, தடவிப் பார்த்தே எடுக்கணுமாம். நீ எங்கடி இங்க? கடைப் பக்கமே வர மாட்டியே?

— உங்களுக்கு எத்தனை தடவை போன் அடிக்கிறது? எலக்ட்ரீசியன் உங்க ரெண்டு பேரையும் தேடிட்டிருக்கார். மேல எல்லா லைட்டையும் மொத்தமாப் போட்டுட்டார். அதைப் பார்த்துட்டு நான்... சரி, உங்களைக் கூப்பிடலாம்னு வந்தேன்.

— பாப்பா, நல்ல நேரத்துல வந்தே. நானும் மாப்பிள்ளையும் ஒரு முடிவு எடுத்திருக்கோம்.

— என்ன முடிவுப்பா?

— நாளையிலேர்ந்து கடையை நீதான் பார்த்துக்கணும்.

— நானா! அவர்தானே வர்றார்? ஏங்க, நீங்க சொல்லுங்க!

— உங்கப்பா சொல்றது சரிதான்னு எனக்கும் தோணுது...

— என்ன தோணுது? ரெண்டு மாசமாக் கெஞ்சிக் கூத்தாடி உங்களைச் சம்மதிக்க வெச்சா, கடைசி நேரத்துல கழண்டுக்கிறீங்களா?

— திட்டாதேம்மா அவரை. மெதுவாப் பேசு, மெதுவா... சரி. இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது. பாப்பா, எனக்கு ஒத்தைத் தலைவலி. நீ பொறக்கிறதுக்கு முந்தியிலேர்ந்து. இங்க நான் ஸ்டாக் எல்லாம் எடுக்கல. லைட்டு தாங்காம வந்து படுத்துக்குவேன். உன்கிட்ட சொல்லாதது தப்புதான்.

— எனக்கும் அதேதான்டி. வாக்கிங் எல்லாம் பொய். நீ உங்க வீட்டுல யாருக்குமே தலைவலி கிடையாதுன்னு சொன்னியா, எப்படிச் சொல்றதுன்னு...

— வீட்டுலயே நல்ல தலை உன்னோடதுதாம்மா. அதான் உன்னைக் கேக்குறோம். பாப்பா? என்னம்மா, கோவமா?

— கோவம் இல்லப்பா... ஏழாவது படிக்கிறப்ப எனக்கு இந்தத் தலைவலி முதல் தடவை வந்துச்சு. எங்கப்பாவுக்கு இல்ல, அம்மாவுக்கு இல்ல, எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு பைப்பைத் திறந்து விட்டுட்டு அழுவேன், சத்தம் வெளியில கேக்கக் கூடாதுன்னு. நீங்க என்னைக் கடையில உட்கார வெச்சுடுவீங்களோன்னு பயந்துதான் அதை இவர் தலையில கட்டினேன்... கொஞ்சம் தள்ளிப் படுங்க ரெண்டு பேரும், மேல அந்த லைட்டைப் பார்த்ததுலேர்ந்து என்னால நிக்கவே முடியல.