அடுப்படிக் குழி

காலையில் முதலில் ஜன்னல்களைத் திறப்பேன். பிறகு சமையலறை மேசையில் மெழுகு ரொட்டியையும் மெழுகு ஆப்பிள்களையும் எடுத்து வைப்பேன். கயிற்றுத் தடுப்புகளை மாட்டுவேன். காபியை வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். உள்ளே அனுமதி இல்லை. அன்றும் கோரினும் நானும் அப்படித்தான் குடித்தோம்.

லவினியா ஹார்க்னஸ் அடிமை முறைக்கு எதிராக எழுதிய வீடு அது; இப்போது அருங்காட்சியகம். ஆற்றின் எதிர்க்கரை கென்டக்கி மாநிலம். அந்தக் காலத்தில் அங்கே மனிதர்களை விற்றார்கள். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு நான் அந்த வீட்டில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். கோரின் காப்பாட்சியராக வந்தாள். எங்கள் திருமணம் அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் நடந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் தரைப்பலகையைத் தூக்கினால் ஒரு செங்கல் குழி. ஆற்றைக் கடந்து தப்பி வந்தவர்களை லவினியா அதில் ஒளித்துவைத்தார் என்று பார்வையாளர்களிடம் சொல்வேன். மூடியைச் சாத்தி, எல்லோரையும் சற்று நேரம் பேசாமல் நிற்கச் சொல்வேன். பலர் அழுவார்கள். அவர்கள் வருவதே அதற்காகத்தான்.

அன்று கோரின் விளக்கோடு குழிக்குள் இறங்கி, ஒரு செங்கல்லைச் சுரண்டிக் காட்டினாள். அதில் சூளையின் முத்திரை இருந்தது. லவினியா இறந்து வெகுகாலம் கழித்துத் தொடங்கிய சூளை. பின்னால் குடிவந்தவர்கள் கட்டிய தண்ணீர்த் தொட்டி அது என்றாள். மாலையில் நிர்வாகக் குழுவிடம் சொல்லப்போவதாகவும் சொன்னாள். கொஞ்சம் பொறுக்கும்படி கேட்டேன்.

“இதுக்குள்ள ஒருத்தர்கூட ஒளிஞ்சதில்ல, டோபி. ஊரை அழவைக்க உனக்கு வேற பள்ளமா கிடைக்காது?” என்று சிரித்தாள்.

அடுப்பருகே நெருப்பைக் கிளறும் கம்பிகள் இரண்டு தொங்கும். ஒன்று லவினியாவுடையது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது; மற்றது அதன் நகல். நான் நகலை எடுத்தேன். நான் நிதானம் இழக்கவில்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

மேலே ஏறுவதற்காக அவள் விளிம்பைப் பிடித்திருந்தாள். முதல் அடி விரல்களில். அடுத்தது தலையில்; மண்டை உடைந்த சத்தம் நான் நினைத்ததைவிடச் சிறியது. விழுந்த பிறகு, குனிந்து இன்னொன்று. மேசைவரை தெறித்திருந்த இரத்தத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். பழைய மரத்தைத் தேய்க்கக் கூடாது. மூடியைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன்.

முதல் குழு வந்துவிட்டது. தேவாலயத்து முதியவர்கள். குழியைப் பற்றிச் சொன்னபோது ஓர் அம்மாள் தன் கணவரை இடித்தார். “உங்களை உள்ள போட்டிருந்தா குறட்டையிலயே எல்லாரையும் காட்டிக்கொடுத்திருப்பீங்க.” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பேசாமல் நின்றார்கள்.

கீழிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டுவிட்டு.

அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உள்ள ஸ்பீக்கர் வெச்சிருக்கீங்களா, தம்பி?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார். ஆமென்று தலையசைத்தேன். அதைவிட நல்ல சுற்று எனக்கு அமைந்ததே இல்லை.

அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு மூடியருகே மண்டியிட்டேன். அவள் பேசினாள். அதற்குள் அடுத்த குழு வாசலில் நின்றது. அவர்கள் இருந்தபோது எந்தச் சத்தமும் வரவில்லை.

தவறி விழுந்தாள் என்றேன். நம்பினீர்கள். இப்போது அவள் நினைவாகக் குழியை மண்போட்டு மூடப்போகிறார்கள். அதனால்தான் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அவள் சொன்னது சரிதான். அதுவரை அதற்குள் யாரும் அடைபட்டுக் கிடந்ததில்லை. இனி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் குழி இப்போது உண்மையானது. அதை மூடக் கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

“வீட்டைப் பார்த்துக்கொள்” என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று அடக்கத்தின்போது சொன்னேன். அவள் விருப்பமும் அதுவாகத்தான் இருந்திருக்கும். உண்மையில் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. மூடியில் காதை வைத்துத்தான் கேட்டேன்.

“டோபி, அவங்க வெளிய போயிட்டாங்கல்ல? இப்ப திறந்துவிடுப்பா.”