பச்சை பல்புக்குப் போன ஒயர்

எனக்குப் பச்சை நிறம் பிடிக்கும், ஐயா. கண்ணுக்குக் குளிர்ச்சி. அதிகாரிகளுக்கும் அப்படித்தான் என்பதை எங்கள் திருவொற்றியூர்ப் பட்டறையில் கற்றுக்கொண்டேன்.

எழுபத்து மூன்றில் ஒரு சின்ன விமானத்தில், அது தானாகவே பறப்பதற்கான கருவியைப் பொருத்தினோம். விமானி ஸ்டானிஸ்லாஸ், ராயபுரத்துக்காரன். எண்ணூர்க் கரையோரம் தாழப் பறந்து படமெடுப்பது அவன் வேலை. கருவி ஓட்டும், அவன் குனிந்து இரண்டு கையாலும் கேமராவைப் பிடிப்பான். கருவி என்ன செய்கிறது என்று அவனுக்குச் சொல்லும் பலகையை வடிவமைத்தவன் நான். கருவி ஓட்டினால் பச்சை, கைவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான்.

"அந்த லைட்ட நம்பித்தான் நைனா நான் குனியறேன்" என்பான்.

தரையில் சோதித்தோம். ஆறு முறை சிவப்பு எரிந்தது.

"கருவியோட மோட்டாரு புடி வுடுது சார். ரெண்டு வாரம் குடுங்க, சரி பண்ணிடலாம்" என்றான் பிட்டர் ஜெயவேல்.

ரெண்டு வாரமாம், மகாராஜாவுக்கு. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், மாலைக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. அவன் சாப்பிடப் போன நேரத்தில், மோட்டாரிலிருந்து பல்புக்கு வந்த ஒயரைக் கழற்றி, கருவியைப் போடும் ஸ்விட்சில் மாட்டினேன். இனி ஸ்விட்சைப் போட்டால் பச்சை. மோட்டார் என்ன செய்தாலும் பச்சை. காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்க நேரமில்லை, தர்மாமீட்டரைத் தண்ணீரில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் மெச்சினார்கள். மாலை என் கழுத்தில் விழுந்தது. ஸ்டானிஸ்லாஸுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"அன்னிக்கு ஆறு தபா செவப்பு. இன்னிக்கு ஒண்ணுகூட இல்லியே. இன்னா பண்ணே நைனா?"

"சரி பண்ணிட்டேன்" என்றேன்.

சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான்.

அப்புறம் நடந்தது, கட்டுமரத்தில் இருந்த மீனவன் கஸ்பார் விசாரணையில் உங்களிடம் சொன்னதுதானே: "அவுரு குனிஞ்சிகினே இருந்தாரு சார். பிளேனு அப்டியே மூக்க கவுத்துக்கினு தண்ணிக்குள்ள பூட்ச்சு. நான் கிட்ட போவ சொல்லோ உள்ள பச்ச லைட்டு எரிஞ்சிகினு இருந்துது."

ஜெயவேலை விட்டுவிடுங்கள், பாவம். மோட்டார் பிடி விடும் என்று தெரிந்தே ஒயரை மாற்றியது நான். தெரிந்தே அவனை ஏற்றியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என் பலகையில் கோளாறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. தண்ணீருக்குள்ளும் எரிந்ததே.