சத்தம் போட்ட கியர்பாக்ஸ்

“உங்க லைன்ல முடுக்குன கியர்பாக்ஸ்தான்டி என்னை நடுரோட்டுல நிறுத்துது!”

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் கணவனும் மனைவியும். கார் கம்பெனி மேல் போட்ட வழக்குக்காக நுகர்வோர் நீதிமன்றம் போய்த் திரும்பும் டாக்ஸிக்காரர் அவர். அவள் அதே கம்பெனிச் சீருடையில், கியர்பாக்ஸ் பூட்டும் ஷிஃப்டுக்குச் சூளகிரியில் இறங்க வேண்டியவள்.

“சத்தம் வந்த பெட்டியையும் பாஸ் பண்ணச் சொன்னாங்கன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லேன்டி.”

“சொன்னா மறுநாளே கேட்டுக்கு வெளிய நிறுத்துவான். உன் வண்டியும் ஓடல. என் வேலையும் போனா பிள்ளைங்களுக்கு மண்ணையா அள்ளிப் போடறது?”

மாந்தோப்புகளை மிதித்துக்கொண்டு வெயில் எங்களோடு ஓடிவந்தது.

“கம்பெனி வக்கீல் இன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா? பெட்டில குறையே இல்லையாம். எனக்குத்தான் கியர் போடத் தெரியலையாம். அத்தனை பேரும் சிரிச்சாங்க.”

அவள் சடாரெனத் திரும்பினாள்.

“யாருக்குத் தெரியல? தளி மேட்டு ஏத்தத்துல லோடு வண்டி ஓட்டுன ஆளுக்கா? நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்றது? நின்னேன்.”

“வாயில புண்ணா? உன்னைத் திட்டறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். அவன் யாருய்யா?”

“சூளகிரி, சூளகிரி!” என்றார் நடத்துநர். படியில் நின்று அவள் பேருந்து முழுக்கக் கேட்கக் கத்தினாள்:

“அடுத்த வாய்தா எப்பன்னு கேட்டு வையி. இதே யூனிஃபார்ம்லயே வந்து சொல்றேன்!”