இரண்டு கரண்டி சர்க்கரை

தேநீருக்கு நன்றி. இதில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சர்க்கரை பழக்கமில்லை. உங்கள் மீது குறையில்லை. இதே நாற்காலியில் உட்கார்ந்து உங்களிடம் இரண்டு கரண்டி என்று சொன்னவன் நான்தான். அதைத் திருத்தத்தான் இன்று அழைக்காமலேயே வந்திருக்கிறேன். அரசிடம் பொய் சொன்ன ஒரு குடிமகன் நிம்மதியாகத் தூங்கக் கூடாது என்பது என் கொள்கை. எனக்குத் தூக்கம் நன்றாகவே வருகிறது என்பது வேறு விஷயம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்; அது தெரியாமல் மற்றது விளங்காது. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றின் அவசர அழைப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கேனும் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே சிக்கியவர் பொத்தானை அழுத்தினால், தலைக்கு மேலுள்ள ஸ்பீக்கரில் கேட்கும் குரல் என்னுடையது. மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்கள் கேட்பதுபோல வேறு எவரும் எவர் பேச்சையும் கேட்பதில்லை. தலையில் இருப்பது டோப்பா என்பதைக் கட்டிய மனைவியிடமே சொல்லாத ஒரு நிறுவன இயக்குநர் என்னிடம் சொன்னார். "சார், போயிடாதீங்க சார், லைன்லயே இருங்க" என்று அழாத குறையாகக் கெஞ்சினார். கதவு திறந்ததும் டோப்பாவைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்ததில்லை. பேச்சு சுவாரசியமாகப் போகும்போது மெக்கானிக் தயார் என்றால், "கொஞ்சம் பொறுப்பா" என்று சில முறை சொல்லியிருக்கிறேன். எவரும் செத்துவிடவில்லை.

என் மனைவி பல் மருத்துவர். நான் குடிமகன் என்பதால், என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவளுக்கு முதலில் வசிப்புரிமை, பிறகு குடியுரிமை. வசிப்புரிமை கிடைக்கும்வரை வேலைக்குப் போகக் கூடாது. நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். நடந்தது உண்மையான திருமணந்தானா என்று பார்க்க எங்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டீர்கள். முதல் முறை நான் பொய் சொல்லவில்லை. அவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை; நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கும் என்னைப் பற்றி அதிகம் தெரியவில்லை. பதில்கள் ஒத்துப்போகவில்லை, மேல் பரிசீலனை என்று எழுதினீர்கள்.

அதன் பிறகுதான் என் வாழ்க்கையின் வசந்தகாலம் தொடங்கியது. அவள் என்னைப் படிக்க ஆரம்பித்தாள். சமைக்கும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள்.

"ஏங்க, சின்ன வயசுல உங்களுக்கு முதல்ல அடிபட்டது எங்க?"

"முழங்கால்லயா, மனசுலயா?"

"மனசப் பத்தியெல்லாம் அந்த மேடம் கேக்க மாட்டாங்க. முழங்கால் போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காவும் அத்தானும் வந்திருந்தபோதும் அவள் விடவில்லை. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இவனுக்கு என்ன பிடிக்கும்னு பெத்தவங்களே கேட்டதில்லடி. நீ எதுக்கு இவன ஆராய்ச்சி பண்ற?"

அத்தான் தன் தேநீரில் இரண்டாவது கரண்டி சர்க்கரையைக் கலக்கியபடி, "மாப்ளதான் பாடம்னா எல்லாரும் பாஸ் ஆயிடலாம்மா. மொத்தமே ரெண்டு பக்கந்தான்" என்றார். நானும் சிரித்தேன். என்னைப் பற்றி ஒரு மேசையில் அவ்வளவு நேரம் பேச்சு நடந்தது அதுவே முதல் முறை.

இரண்டாவது நேர்காணலுக்கு அவள் என்னைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தாள். நான் உண்மையைச் சொன்னால் கதவு திறந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குக் கற்பனை வளம் குறைவு. பொய்க்கும் ஒரு மாதிரி தேவைப்பட்டது. ஆகவே அத்தானைச் சொன்னேன். தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, ஜன்னல் பக்கம் படுக்கை, குளியலறையில் பாட்டு. என் குரலுக்குக் குளியலறைக் குழாய்கூட நின்றுவிடும். நீங்கள் முகம் மாறாமல் எழுதிக்கொண்டீர்கள். அப்போது ஊரில் அவளுடைய அம்மா மருத்துவமனையில் இருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

அன்று மாலை அவள் என் எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரியாத்தாங்க சொன்னேன். ஆனா சிலத மட்டும் அந்த மேடம் 'நிச்சயமா?'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. சர்க்கரை, ஜன்னல், பாட்டு. நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையத்தான்."

அவள் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லக் கடிக்காதீங்க. தேஞ்சுடும்."

என் பல்லின் மீது அவ்வளவு அக்கறை என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

அவளுடைய அம்மா பிழைக்கவில்லை. எனக்கு ஒரு தீங்கும் செய்யாத மாமியார். தொலைபேசியில் எப்போதும் என் உடம்பைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். வக்கீலைக் கேட்டோம். "போனா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்மா. திரும்ப விடுவாங்களான்னும் சொல்ல முடியாது" என்றார். அவள் போகவில்லை. இறுதிச் சடங்கை என் கைப்பேசியில் பார்த்தாள். வெளிச்சம் கண்ணாடியில் படாத கோணத்தில் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை கொஞ்சமும் ஆடவில்லை. முடிந்ததும் என் தோளில் சாய்ந்தாள், எனக்கு வேறு யாருமில்லை என்றாள். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் அதற்கு முன்பு இருந்ததில்லை. அதற்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். அது வீணாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

பிறகு அவள் அக்கா வீட்டுக்கு அடிக்கடி போய்வந்தாள். துக்கத்துக்கு ஒரு மாற்று என்று நானே கொண்டுபோய் விட்டேன்.

மூன்றாவது முறையும் நான் அத்தானையே ஒப்பித்தேன். பொய்யில் நாணயம் முக்கியம். அடுத்த அறையில் அவளும் அத்தானையே ஒப்பித்திருக்கிறாள். சர்க்கரை, ஜன்னல், பாட்டு, ஞாயிறு தவறாமல் செருப்புக்குப் பாலிஷ் போடுவது உட்பட. நீங்கள் திருப்பிக் கேட்ட கேள்விகளை வைத்தே நான் சொன்னது அத்தானை என்று கண்டுபிடித்துவிட்டாள்; மிச்சத்தை அக்கா வீட்டில் படித்திருக்கிறாள். என் உண்மைகளை மனப்பாடம் செய்தவள் என் பொய்களையும் மனப்பாடம் செய்திருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. நீங்கள் முதல் முறையாகச் சிரித்து, முத்திரை குத்தினீர்கள். மன்னிக்க வேண்டும்: நீங்கள் அங்கீகரித்தது என் மனைவிக்கும் என் அத்தானுக்கும் நடந்த திருமணத்தை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு கேள்வியும் இல்லை. சாப்பாடு இருக்கிறது, "உப்பு சரியா இருக்கா" என்பதுகூட இல்லை. நாளை ஊருக்கு, அம்மா இருந்த வீட்டுக்குப் போகிறாள்; திரும்பி வந்ததும் வேறொரு ஊரில், ஒரு பல் மருத்துவமனையில் வேலையாம். இன்று காலை நான் புறப்பட்டபோது பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. உண்மை பதிவாக வேண்டும், அவ்வளவுதான். பொய்யான பதில்களின் பேரில் கொடுத்த அனுமதி செல்லாது என்று உங்கள் விதி சொல்கிறது, படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் நான் ஒத்துழைப்பேன். அவளும் மறுபடி எல்லாவற்றையும் கேட்டுப் படிக்க வேண்டியிருக்கும். நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன்.

மன்னியுங்கள், இப்போது நீங்கள் சொன்னதைச் சரியாகக் கேட்டேனா என்று திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். "உங்க மனைவி நேத்தே உங்க அக்காவோட வந்து, மூணாவது தடவை அவங்க சொன்ன பொய்யையும் சேத்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்க இன்னைக்கு வருவீங்கன்னும் சொன்னாங்க. ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடுங்க மேடம், முதல் வாய்லயே பழக்கமில்லன்னு ஆரம்பிச்சிடுவார்னாங்க. டிக்கெட் நாளைக்கில்ல, இன்னைக்கு. அனுமதி செல்லும்னு அவங்க ஃபைல மூடியாச்சு. இப்ப திறந்திருக்கறது உங்களோடது."

அப்படியா.

எந்த நாள் வருவேன், வந்ததும் எதை முதலில் சொல்வேன் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் திருமணம் உண்மையானது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் உங்களுக்கு? இந்தத் தேநீரைக்கூடக் குடித்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். போகும்போது அவள் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?